பழைய எண்ணில் மணி அடிக்கிறது

வீட்டுக்காரிக்கு,

நீ உன் தங்கை வீட்டுக்குப் போய் மூன்று மாதமாகிறது. செல்போனில் கூப்பிடும்போதெல்லாம் உனக்கு ஏதோ வேலை இருக்கிறது போலிருக்கிறது, அதனால்தான் கடிதம்.

நம் பழைய போன் லைனை நிறுத்திவிட்டார்கள். எண் வீணாகக் கூடாதே என்று, அதே எண்ணில் இன்டர்நெட் வழியாகப் பேச உதவும் சின்னப் பெட்டி ஒன்றை வாங்கி, நம் சிவப்பு போனை அதில் மாட்டினேன். முதலில் போன் ஒயரை மோடத்துக்கான துளையில் செருகிவிட்டு, அரை நாள் பெட்டியைத் திட்டித் தீர்த்தேன்.

பச்சை விளக்கு எரிந்ததும், சோதித்துப் பார்க்கப் படுக்கையறையிலிருந்து செல்போனில் நம் எண்ணை அடித்தேன். கூடத்தில் மணி அடித்தது. நான் கட்டிலில் இருந்தபடியே, "யாருன்னு பாரேன்!" என்று கத்தினேன்.

பத்துத் தடவை அடித்து ஓய்ந்தது. அப்புறம்தான் உறைத்தது: அடித்ததும் நான், எடுக்க வேண்டியதும் நான்.

"கைக்கெட்டுற தூரத்துல உக்காந்துக்கிட்டு, ஈரக் கையோட நான் ஓடி வரணுமா?" முப்பது வருஷம் கேட்டாய்.

வெளியூரிலிருந்து அழைப்பு வருகிறதா என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை. அதை நான் தனியாகச் சோதிக்க முடியாது. ஒரே ஒரு தடவை அடித்துப் பார். எண் அதேதான். பேசப் பிடிக்காவிட்டால் வைத்துவிடு. பெட்டி வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

இந்தத் தடவை நானே எடுப்பேன்.

இப்படிக்கு,
நாற்காலியைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டிருக்கும்
உன் வீட்டுக்காரன்