ஒரே கொடியில் பன்னிரண்டு ஊர்

1996 ஜூலை 16, செவ்வாய்.

நல்லமிளகுக் கொடியை அழுகவைக்கும் பூஞ்சை ஊருக்கு ஊர் வேறுபடுகிறதா என்பதுதான் எங்கள் ஆய்வு. பன்னிரண்டு ஊர் மாதிரிகளிலும் ஒரே இனம்தான் என்று முடிவு வந்திருந்தது. இன்று குன்னத்துகாலில் தோட்டக்கார ரோசம்மா அக்கா கேட்டாள்: "உங்க சாரு எங்க ஒத்தக் கொடியில பன்னெண்டு துண்டு வெட்டிட்டுப் போனாரே, அது என்னத்துக்காக்கும்?"

திரும்பி வந்து, என் ஆய்வு வழிகாட்டியான சாரிடமே கேட்டேன்.

"மழையில கள்ளிக்காடு வரைக்கும் ஊரு ஊரா ஆரு போவா மக்கா? நீ அறிக்கையில ஒப்பு போடு" என்றார், வடையைத் தின்றுகொண்டே.

இந்த முடிவை நம்பித்தான் எல்லா ஊருக்கும் ஒரே மருந்தைச் சொல்லப் போகிறார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. எல்லா மாதிரிப் பொட்டலத்திலும் ஊர்ப்பெயரை அடித்து, குன்னத்துகால் என்று எழுதி அவர் மேசையில் வைத்தேன். என் பட்டம் இனி அவர் கையில்தான். போகட்டும்.