வாசிக்கும் இயந்திரத்தின் சாவி

அன்புள்ள அப்பாவுக்கு,

தம்பி வேளாவேளைக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுகிறானா? இந்தக் கடிதத்தையும் வரி விடாமல் உங்களுக்குப் படித்துக்காட்டட்டும். நான் நலம், கோபம்தான் அடங்கவில்லை.

புத்தகத்தை உரக்கப் படிக்கும் இயந்திரம் எங்கள் நூலகத்துக்கு வந்து ஆறு மாதமாகிறது. "கண்டவங்க தொட்டா கெட்டுப்போயிடும்" என்று நூலகர் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அதென்ன அலங்காரப் பொம்மையா? தினமும் திறந்து தூசி தட்டுவது மட்டும் என் வேலை.

பார்வை போன தையல்காரர் ஒருவர் நேற்று நான்காவது முறையாக வந்து கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூசி தட்டத் தந்த சாவியாலேயே திறந்து கொடுத்தேன். ஒரு கதையை முழுதாகக் கேட்டுவிட்டு, "இன்னொரு தடவை போடும்மா" என்றார். நூலகர் லேசாக முறைத்தார், அவ்வளவுதான்.

பதிலை உங்கள் குரலிலேயே பதிவுசெய்து அனுப்புங்கள். பேருந்து வந்துவிட்டது.

உங்கள் மகள்

தம்பி, இதை மட்டும் அப்பாவுக்குப் படிக்காதே: என்னை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். சாவியை நான் இன்னும் கொடுக்கவில்லை.