‘எண் 14’க்குக் கழுத்துத் துணி

நவம்பர் 4
என் ‘எண் 14’ சிற்பத்தைக் கடற்கரை பஸ் நிறுத்தத்தில் நிறுத்தி இன்றோடு இரண்டு மாதம். ஊரில் ஒருவர்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. இன்றைக்குப் பார்த்திருக்கிறார்கள். பார்த்து, சிவப்புத் துணி கட்டியிருக்கிறார்கள்! குழந்தைகளைக் காக்கும் தெருவோரக் கல் சாமி ஜிஸோவுக்குக் கட்டுவோமே, அதே கழுத்துத் துணி. கழுத்தே இல்லாத கல்லுக்கு! அவிழ்த்து எறிந்துவிட்டு வந்தேன்.

என் வீட்டுக்காரர் டோகுஜிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “முப்பது வருஷமா கல்லு கொத்துற. இப்பதான் ஒருத்தர் கண்ணுக்கு அது என்னமோ மாதிரி தெரிஞ்சிருக்கு. சந்தோஷப்படுவியா, அத விட்டுட்டு!”

புருஷனா இவர்?

நவம்பர் 7
மறுபடியும் துணி. கூடவே கம்பளிக் குல்லா, இரண்டு ஆரஞ்சு. பழத்தை மட்டும் தின்றேன்.

நவம்பர் 12
டோக்கியோ அருங்காட்சியகத்திலிருந்து கடிதம்! நிரந்தரக் கூடத்துக்கு ஒரு சிற்பம் எடுக்கப்போகிறார்களாம். ‘எண் 14’ஐப் பார்க்க 19ஆம் தேதி வருகிறார்கள். ஐம்பத்தொன்பது வயதில் கூப்பிடுகிறார்கள். இதுவும் போனால் அவ்வளவுதான் — குல்லாவோடு பார்த்தால்? ஐயோ.

நவம்பர் 13
ஆளைப் பிடித்துவிட்டேன். மீன் விற்கும் கினுயோ அக்கா.

“அக்கா, அது சாமி இல்லை. நான் செஞ்சது. அது எதுவுமே இல்லை!”

“நீ செஞ்சா என்ன? அதுக்குக் குளிராதா?” கணவாயைக் கழுவிக்கொண்டே கேட்கிறாள்.

நவம்பர் 19
காலை ஏழு மணிக்கே துணியை அவிழ்த்தேன். ஒன்பதுக்குக் குழு வந்தபோது புதிது கட்டியிருக்கிறது!

“அடடா, அந்தச் சிவப்பு! என்ன துணிச்சல்!” என்றார் குழுவின் தலைவர். அதுவும் என் வேலைதான் என்பதுபோலத் தலையாட்டி வைத்தேன். தேர்வாகிவிட்டது. தேர்வாகிவிட்டது!

டிசம்பர் 3
கிரேன் வந்தது. பின்னாலேயே கினுயோ அக்கா. சண்டைக்கு வருகிறாள் என்று பயந்தேன். கையில் பழைய மெத்தை.

“தம்பி,” என்றாள் கிரேன்காரரிடம், “முகம் கீழ படுற மாதிரி படுக்க வச்சிராதப்பா.”

“அதுக்கு ஏதுக்கா முகம்? எல்லாப் பக்கமும் ஒண்ணுதான்” என்றேன். பேட்டிகளில் எல்லாம் இதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

“இதோ, இந்தப் பக்கம்.” யோசிக்காமல் தொட்டுக் காட்டினாள். கடலைப் பார்த்த பக்கம். “எம் மவன் படகு திரும்புற வரைக்கும் பாத்துக்கிட்டே இருக்கும். இனி நானே பாத்துக்கறேன், போ.”

அந்தப் பக்கத்தைத்தான் நான் நாலு மாதம் தேய்த்தேன். ஏன் என்று எனக்கே தெரியாமல்.

கிரேனைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பைத்தியக்காரி! என்ன காரியம் பண்ணிட்டேன்? அழுகையா வருது.

டிசம்பர் 5
டோக்கியோவிலிருந்து தொலைபேசி. இன்னொரு வாய்ப்பு வராது என்றார்கள். தெரியும் என்றேன்.

டிசம்பர் 9
இன்றைக்கும் காலையிலிருந்து மழை. குடையைத் தேடி வீட்டையே புரட்டிப் போட்டோம்.

“நேத்து நீதானே எடுத்துட்டுப் போனே?” என்கிறார் டோகுஜி.

ஆமாம். திரும்பும்போது நனைந்துகொண்டுதான் வந்தேன். குடையைக் கல்லுக்குக் கட்டிவிட்டு வந்ததை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வருடம் முழுக்கச் சிரிப்பார்.