கதவு மூடியிருக்கிறது

பிப்ரவரி 4

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. கையெழுத்துக்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். "எழுத்து கோட்டுல உக்காரணும் ஐயா" என்று டீச்சர் சொல்லிப் பார்க்கிறார். என் எழுத்து உட்காருவதாக இல்லை, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறது. இந்த ஒரு கடிதத்துக்கு நான்கு சாயங்காலம் ஆகியிருக்கிறது.

போனில் சொன்னால் ஆகாதா என்பாய். பேச்சு எனக்கு அறுபத்திரண்டு வருஷப் பழக்கம். எழுத்து எட்டு மாதக் குழந்தை. தூக்கிக்கொண்டு போய் யாரிடமாவது காட்டாமல் இருக்க முடியவில்லை.

டீச்சர் யார் என்று சொல்லவில்லையே. என்னோடு இயந்திரத்தில் நிற்கும் மீசையின் மனைவி. ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்து மாடி அறையில் எங்களைப் போன்ற கிழடுகளுக்கு வகுப்பு எடுக்கிறார். மீசைக்கு இப்போது மீசை கிடையாது, கல்யாணத்துக்கு எடுத்தவன் திரும்ப வைக்கவில்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

நீ வாராவாரம் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதும் பக்கத்தை, பஸ் நிறுத்தத்துக் கம்ப்யூட்டர் கடையில் காசு கொடுத்து உட்கார்ந்து படிக்கிறேன். எனக்கும் சில கருத்துகள் உண்டு. ஒன்று, நான் அத்தனை பாடுபட்டு எழுத்துகளை வரிசையாக மனப்பாடம் செய்தேன். அங்கே போய்ப் பார்த்தால் பொத்தான்களில் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டிருக்கிறான். இரண்டு, எதையாவது அழிக்கப் போனால் அது "நிச்சயமாகவா?" என்று கேட்கிறது. எங்கள் சூப்பர்வைசர் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருக்கிறது.

மூன்றாவது, அது ஒரு ஏமாளி. எங்கள் அட்டைப்பெட்டி ஆலையில் வெட்டும் இயந்திரத்துக்குப் போன வருஷம் கம்ப்யூட்டர் வைத்தார்கள் அல்லவா? இயந்திரத்துக்கு முன்னால் வலைக்கதவு. கதவில் ஒரு காந்தம், நிலையில் ஒரு சின்னக் கண். காந்தம் விலகினால் கதவு திறந்துவிட்டது என்று எல்லாவற்றையும் நிறுத்திவிடும். மறுபடி கிளப்பப் பதினோரு நிமிஷம். ஒரு நாளைக்கு இருபது தடவை அட்டை சிக்கும், கணக்குப் பார்த்துக்கொள். உன் அப்பா என்ன செய்தான் தெரியுமா? வேறொரு காந்தத்தை அந்தக் கண்ணின் பக்கத்திலேயே டேப் போட்டு ஒட்டிவிட்டான். இப்போது கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது, திரையில் பச்சையாக "கதவு மூடியிருக்கிறது" என்று வருகிறது. முழுக்க என் சொந்த யோசனை. மற்ற மூன்று இயந்திரக்காரர்களும் என்னைப் பார்த்துத்தான் செய்தார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அப்பா


பிப்ரவரி 12

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டினேன். எழுத்து ஓடட்டும் அப்பா, எனக்கு அந்த ஓட்டம்தான் பிடித்திருக்கிறது.

உங்கள் காந்தத்தை நினைத்து நினைத்துச் சிரித்தேன். அதை வைத்தே இந்த வாரத்துப் பக்கத்தை எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆலைக்காரர்கள் கோடிக்கணக்கில் செலவழித்து இயந்திரத்துக்கு மூளை வைக்கிறார்கள். பள்ளிக்கூடமே போகாத ஒரு மனிதர் ஒரு துண்டுக் காந்தத்தால் அதை ஜெயிக்கிறார். தொழில்நுட்பம் என்று நாம் கும்பிடுவதை எல்லாம் தொழிலாளி தன் வசதிக்கு வளைத்துக்கொள்கிறான், அதுதான் உண்மையான பண்பாடு என்று என் கருத்து. "என் அப்பா கம்ப்யூட்டரை ஏமாற்றிய கதை" என்று தலைப்பு. மூன்று நாளில் ஏழாயிரம் பேர் படித்துவிட்டார்கள். நான் எழுதியதிலேயே இதற்குத்தான் இத்தனை பேர்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்களோடு உடன்பட மாட்டேன். கம்ப்யூட்டர் ஏமாளி இல்லை. அதற்குச் சொன்னதை நம்புகிறது, அவ்வளவுதான். நம்மைவிட நேர்மையானது.

இருமல் எப்படி இருக்கிறது?

உங்கள் மகள்


பிப்ரவரி 23

அன்பு மகளுக்கு,

ஏழாயிரம் பேர். கல்யாண மண்டபத்தில்கூட என்னை ஏழு பேர் திரும்பிப் பார்த்ததில்லை.

கடைக்காரரிடம் சொல்லி அந்தப் பக்கத்தைக் காகிதத்தில் எடுத்துவிட்டேன். சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கிறேன். நான் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை தடங்கலில்லாமல் படித்த முதல் எழுத்து அது. டீச்சர் வகுப்பில் என்னை எழுப்பி நிற்கவைத்துப் படிக்கச் சொன்னார். காந்தம் வரும் இடத்தில் மட்டும் அவர் முகம் சுருங்கியது. "ஐயா, அந்தக் கதவு எதுக்கு வெச்சிருக்காங்க?" என்று கேட்டார். "தூசி வராம இருக்க" என்றான் மீசை. எல்லோரும் சிரித்தோம்.

மீசைக்கு என்மேல் ஒரு குறை. அட்டை சிக்கினால் நான் இயந்திரத்தை நிறுத்துவேன், அவன் உள்ளே குனிந்து இழுப்பான். முன்பெல்லாம் நான் எட்டிப் பார்த்து, "மீசை, வெளிய வந்துட்டியா?" என்று கத்திவிட்டுத்தான் பச்சைப் பொத்தானை அழுத்துவேன். திரையில் இருப்பது அப்போது எனக்குப் புள்ளியும் கோடும்தான். இப்போது கத்துவதில்லை, படிக்கிறேன். "பெரியவரே, என் பேரையே மறந்துட்டீங்க. படிச்சவங்க சகவாசம் அப்படி" என்கிறான். "வாயில இருக்கிற வெற்றிலையத் துப்பிட்டுப் பேசுடா" என்றேன்.

இருமல் தேவலை.

உன் அப்பா


மார்ச் 9

மகளுக்கு,

மீசை இறந்துவிட்டான். வியாழக்கிழமை, சாப்பாட்டுக்கு முன்.

ஒரு அட்டை சிக்கியது, இழுத்துப் போட்டான். பின்னாலேயே இன்னொன்று இருந்திருக்கிறது, அதற்காக மறுபடி குனிந்திருக்கிறான். நான் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தேன். "கதவு மூடியிருக்கிறது. தயார்." ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். படித்துவிட்டுத்தான் அழுத்தினேன்.

சத்தம் வரவில்லை. இயந்திரத்தின் சத்தத்தில் கேட்கவில்லை.

டீச்சர் வந்தபோது நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். வேறு எழுத முடியவில்லை.

அப்பா


மார்ச் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் நீங்கள் அழுததைக் கேட்ட பிறகு எனக்கு வேலையே ஓடவில்லை. இது விபத்து அப்பா. நீங்கள் கொலைகாரர் இல்லை, அந்த வார்த்தையை இனி சொல்லாதீர்கள்.

ஒரு வக்கீலிடம் பேசினேன். இரண்டு விஷயம் சொன்னார். எந்தக் காகிதத்திலும் என்னைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். காந்தத்தைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்காதீர்கள். அதை ஒட்டியவர்மேல்தான் வழக்கு வரும் என்கிறார். அந்தப் பக்கத்தை நான் எழுதியிருக்கவே கூடாது. ஏழாயிரம் பேர் படித்துவிட்டார்களே.

உண்மையைச் சொல்லுங்கள். அது உங்கள் யோசனைதானா?

உங்கள் மகள்


மார்ச் 22

அன்பு மகளுக்கு,

இல்லை.

சூப்பர்வைசர் ஒரு பிஸ்கட் டப்பாவில் நான்கு காந்தம் கொண்டுவந்தார். ஒரு இயந்திரத்துக்கு ஒன்று. "பதினோரு நிமிஷத்த யாரு குடுப்பா? ஒட்டுங்க" என்றார். ஒட்டியது என் கை, சொன்னது அவர். உனக்கு எழுதும்போது அவரைத் தூக்கிவிட்டு என்னை வைத்துக்கொண்டேன். நீ படித்தவள். நீ எழுதும் விஷயத்தில் உன் அப்பனும் ஏதோ கண்டுபிடித்தான் என்று நீ நினைக்கவேண்டும் என்று ஆசை. வாழ்க்கையில் முதல் முறையாக எழுதினேன், அதில் பொய் எழுதினேன்.

நேற்று மேனேஜர் கூப்பிட்டார். நாற்காலி போட்டார், டீ கொடுத்தார். மேசையில் உன் பக்கம் இருந்தது. "பொண்ணு நல்லா எழுதுது. இத அதிகாரிகிட்ட குடுத்தா நீங்க உள்ள போகணும். இந்த வயசுல எதுக்கு?" என்றார். டைப் அடித்த இன்னொரு தாளை நகர்த்தினார். காந்தத்தை ஒட்டியது இறந்தவர், எனக்குத் தெரியாது என்று அதில் இருந்தது. அப்படி எழுதிக் கொடுத்தால் தானே ஒட்டித் தானே உள்ளே போனான் என்று ஆகிவிடுமாம். என்மேல் வழக்கு இல்லை. டீச்சருக்கு நஷ்டஈடும் இல்லை.

முக்கால் மணி நேரம் படித்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "முன்னாடின்னா கைநாட்டு வெச்சிட்டுப் போயிருப்பீங்க" என்றார். "அதனாலதான் படிக்கிறேன் சார்" என்றேன். கையெழுத்துப் போடவில்லை. ஏப்ரல் ஐந்து அரசாங்கத் தொழிற்சாலை அதிகாரியின் விசாரணை. அதுவரை யோசிக்கச் சொல்லியிருக்கிறார்.

நீ எனக்கு ஒரு உதவி செய். உன் பக்கத்தில், நான் சொன்னது பொய், காந்தம் சூப்பர்வைசர் கொடுத்தது என்று எழுது. ஏழாயிரம் பேரும் படிக்கட்டும்.

உன் அப்பா


மார்ச் 27

அன்புள்ள அப்பாவுக்கு,

கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள்.

சூப்பர்வைசர் கொடுத்தார் என்பதற்குச் சாட்சி யார்? மற்ற மூன்று பேரும் குடும்பக்காரர்கள், வாய் திறக்கமாட்டார்கள். டப்பாவையும் காந்தங்களையும் அன்றே எடுத்திருப்பார்கள். மிஞ்சுவது நீங்கள் ஒட்டினீர்கள், நீங்கள் அழுத்தினீர்கள் என்பது மட்டும்தான். அதை நானே ஊருக்குச் சொல்லவேண்டுமா? என் அப்பாவை ஜெயிலுக்கு அனுப்பும் வரியை என் கையால் எழுதச் சொல்கிறீர்கள்.

போனவர் போய்விட்டார். அவருக்கு இனி எதுவும் வலிக்காது. உங்களுக்கு வலிக்கும். அம்மாவும் இல்லை, எனக்கு இருப்பது நீங்கள் ஒருவர்தான். அந்தத் தாளில் கையெழுத்துப் போடுங்கள் அப்பா. டீச்சருக்கு நான் மாதாமாதம் ஏதாவது அனுப்புகிறேன், அவருக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரியவேண்டாம்.

பக்கத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நான் பார்த்துக்கொண்டேன்.

உங்கள் மகள்


ஏப்ரல் 6

அன்பு மகளுக்கு,

எழுத்து வழக்கத்தைவிட மோசம். நான்கு நாளாக வேறொன்று எழுதி விரல் மரத்துப்போயிருக்கிறது.

பார்த்துக்கொண்டேன் என்று எழுதியிருந்தாய். என்ன பார்த்தாய் என்று பஸ் நிறுத்தத்துக் கடைக்குப் போய்ப் பார்த்தேன். பக்கம் அப்படியே இருந்தது. தலைப்பில் "என் அப்பா" இருந்த இடத்தில் "ஒரு தொழிலாளி" இருந்தான். காந்தம் வரும் வரியில் "அப்பாவோடு இயந்திரத்தில் நிற்பவர்" என்று இருந்தது. என்னோடு இயந்திரத்தில் நின்றவன் ஒருவன்தான். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன் என்பதால் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று மூன்று முறை படித்தேன். கடைக்காரரையும் படிக்கச் சொன்னேன். அதேதான்.

மாற்றும்போது அது உன்னைக் கேட்டிருக்குமே, நிச்சயமாகவா என்று.

உன்னைத் திட்டவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் செய்தாய். அந்தத் தாளை வைத்த மேனேஜரும் நீயும் ஒரே வரியை எழுதியிருக்கிறீர்கள், அவர் ஆலைக்காக, நீ எனக்காக. டீச்சருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அதன் பிறகு என் வாக்குமூலத்தை நானே எழுதினேன். டப்பா, நான்கு காந்தம், சூப்பர்வைசர் சொன்னது, நான் ஒட்டியது, உனக்குப் பெருமைக்கு எழுதிய பொய், திரையைப் படித்துவிட்டு அவனைப் பார்க்காமல் அழுத்தியது. விசாரணைக்கு முன்னால் அதை டீச்சர் படிக்கவேண்டும் என்று தோன்றியது. வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று வாங்கிப் படித்தார். நான் அத்தனை மெதுவாக எழுதியதை அவர் இரண்டு நிமிஷத்தில் படித்து முடித்துவிட்டார்.

"கூப்பிடாம அழுத்தினீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா."

"முன்னாடி கூப்பிடுவீங்க. அவரு வீட்ல வந்து சொல்லிச் சிரிப்பாரு."

"ஆமா. படிக்கத் தெரிஞ்சப்புறம் விட்டுட்டேன்."

"அத இதுல எழுதல."

"எழுதல."

"எழுதுங்க" என்று உள்ளே போய்ப் பேனா கொண்டுவந்தார். நிலைப்படியில் வைத்து எழுதினேன். அவர் கோட்டைப் பார்க்கவில்லை, என் எழுத்து எங்கே ஓடுகிறது என்று பார்க்கவில்லை. முடித்ததும் பேனாவை வாங்கிக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை வராதீங்க ஐயா" என்றார். அவ்வளவுதான். சரி என்றேன்.

நேற்று விசாரணையில் கொடுத்துவிட்டேன். பையில் மடித்து வைத்திருந்த உன் பழைய பக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். அது இல்லாமல் பை லேசாக இருக்கிறது. மேனேஜர் உன் புதிய பக்கத்தை எடுத்துவந்திருந்தார். அதிகாரி ஒரு பெண். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மற்ற இயந்திரங்களைப் பார்க்கவேண்டும் என்று எழுந்துவிட்டார். காந்தங்களை எடுத்துவிட்டார்கள், நீ சொன்னது சரி. டேப் இருந்த இடத்தில் மட்டும் பசையில் தூசி அப்பி நான்கு சதுரம், நான்கு இயந்திரத்திலும் ஒரே உயரத்தில். நான்காவது இயந்திரக்காரர் அதைப் பார்த்து அழ ஆரம்பித்தார். பிஸ்கட் டப்பா என்று அவர் வாயிலிருந்தும் வந்துவிட்டது. டீச்சருக்கு நஷ்டஈடு கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

என்மேல் வழக்கு உண்டு. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுச் சாவியைக் கீழ்வீட்டில் கொடுத்திருக்கிறேன்.

நீ பதில் போட்டால் போடு. போடாவிட்டாலும் அந்தப் பக்கத்தில் மீசை இருக்கும் இடத்தில் என்னைத் திரும்ப வை. நான் பார்க்க முடியாது, உள்ளே போனால் அங்கே கடை இருக்காது. டீச்சருக்குப் படிக்கத் தெரியும், அதை மட்டும் மறக்காதே.

உள்ளே வைத்தால் காகிதமும் பேனாவும் தருவார்களா என்று அதிகாரியிடம் கேட்டேன். கேட்டால் தருவார்களாம். அடுத்த வாரம் அங்கிருந்து எழுதுகிறேன். கோடு போட்ட தாளாகக் கேட்கவேண்டும்.

உன் அப்பா