ரோமுக்கு ஓர் ஒத்திகை

இன்று காலை என் ஷூவின் அடிப்பாகம் வாயைப் பிளந்துவிட்டது. கைலாசநாதர் கோயில் புல்வெளியை ஒட்டி நடந்துகொண்டிருந்தேன். வலது காலைத் தூக்கினால் மேல்பாகம் மட்டும் கூட வருகிறது, அடிப்பாகம் தரையிலேயே கிடக்கிறது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையில் ஷூவோடு, ஒற்றைக் காலில் சாக்ஸோடு பிள்ளையார்பாளையம் முழுக்க நடந்து வீடு வந்து சேர்ந்தேன். தெருவில் தறிக்குப் பாவு நூல் விரித்துக்கொண்டிருந்த பெண்கள், "இன்னா டீச்சரம்மா, ஷூ பிஞ்சிபோச்சா?" என்று விசாரித்தார்கள். ஆமாம் என்றேன். நீங்கள் வாங்கிக் கொடுத்த ஷூதான். ரோமில் நடப்பதற்காக வாங்கியது. நீங்கள் ரோமுக்குப் போனீர்கள். ஷூவும் நானும் போகவில்லை.

போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றி நல்லதுதான் பேசவேண்டும் என்பார்கள். பேசிப் பார்த்தேன். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் நீங்கள் தங்கமான மனுஷர் என்று ஒப்பித்தேன். போன மாதம் உங்கள் முதல் வருடத் திதி வந்தது. அன்று உங்கள் சிநேகிதர் ஏகாம்பரம் பாயசம் குடித்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். அதற்குப் பிறகு எனக்கு வாய் அடங்கவில்லை. சண்டை போடலாமென்றால் நீங்கள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன், பேசாமல் கேளுங்கள்.

ரோம் முதலில் என்னுடையது. அதை ஒத்துக்கொள்ளுங்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை பெண்கள் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவள் நான். கரும்பலகையில் கொலோசியத்தை வரைந்து வரைந்து, வளைவு வளைவாக அது என் கைக்குள்ளேயே இருந்தது. ஓய்வு பெற்றதும் நான் உங்களிடம் கேட்ட ஒரே ஒரு ஆசை அதுதான். நகை கேட்டேனா, வீட்டை இடித்துக் கட்டச் சொன்னேனா? "ரோம் போலாங்க" என்றேன். நீங்கள் பேப்பரை மடக்காமலே, "அங்க இன்னா இருக்குது, இடிஞ்ச செவுரு. அதுக்கு நம்ம கைலாசநாதர் கோயில் போதாதா?" என்றீர்கள். அப்புறம் யாரோ உங்கள் போனுக்கு ரோமைப் பற்றி ஒரு வீடியோ அனுப்பினார்கள். மறுநாள் காலையில் ரோம் உங்களுடையதாகிவிட்டது.

நீங்கள் தாலுகா ஆபீஸ் சர்வேயர். எதையும் அளக்காமல் நம்பமாட்டீர்கள். சமையலறைச் சுவரில் ரோம் நகரத்தை உங்கள் கையாலேயே வரைந்து ஒட்டினீர்கள். புளிக்குழம்பு தாளிக்கும்போதெல்லாம் அதில் ஓடும் நதிமேல் எண்ணெய் தெறிக்கும், நீங்கள் கத்துவீர்கள். இத்தாலி முழுக்கச் சுற்றவேண்டாம், ஒரே ஊர், நாலு நாள் என்பதில் நீங்கள் பிடிவாதமாக இருந்தீர்கள். "நம்ம ஊருக்கு வர்றவன் இன்னா பண்றான்? காலைல எறங்கறான், அஞ்சு கோயிலு, ஒரு பொடவ, ஒரு டிபனு, சாயங்காலம் பஸ் ஏறிடறான். அது பாக்கறதா? மேயறது!" என்றீர்கள். அதில் ஒன்றும் தப்பில்லை, நானும் கைதட்டினேன்.

நாலு நாளுக்கும் போட்ட அட்டவணையில், ஒவ்வொரு நாளிலும் பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரைக்கும் கட்டம் கட்டி வெறுமையாக விட்டிருந்தீர்கள். ஏன் என்று கேட்டால், "நடை சாத்திடுவான்ல?" என்றீர்கள். பிறந்ததிலிருந்து காஞ்சிபுரத்திலேயே இருந்தவருக்கு உலகத்தில் எந்த ஊரும் மத்தியானம் திறந்திருக்கும் என்று தோன்றவே இல்லை. "அது மியூசியம்ங்க, அங்க சாமிக்குத் தூக்கமெல்லாம் கிடையாது" என்று சொல்லி நான் சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் கட்டத்தை அழிக்கவில்லை.

அப்போதே என் முழங்கால் தேய்ந்துவிட்டது. சென்னை டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் செய்துகொண்டால் நன்றாக நடக்கலாம் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "இப்ப கத்தி வெச்சா மாசக்கணக்குல படுத்துக்கினு இருப்ப, ட்ரிப்பு பூடும். ரோம் போய்ட்டு வந்து பாத்துக்கலாம்மா." என்மேல் எவ்வளவு அக்கறை பாருங்கள் என்று பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்லாத குறை. எனக்குத்தான் புத்தி மழுங்கியிருந்தது.

புரட்டாசியில் நவராத்திரி முடிந்த கையோடு ஒத்திகை என்றீர்கள். நாடகத்துக்கு ஒத்திகை கேள்விப்பட்டிருக்கிறேன், கல்யாண ஊர்வலத்துக்கு பேண்டுக்காரர்கள் பார்ப்பார்கள். ஊர் சுற்றுவதற்கு ஒத்திகை பார்த்த ஒரே மனுஷர் நீங்கள்தான். போனில் ரோமின் தூரங்களையெல்லாம் அளந்து அப்படியே காஞ்சிபுரத்தின்மேல் போர்த்தியிருந்தீர்கள். நம் வீடுதான் ஓட்டல். கைலாசநாதர் கோயில் இடிபாடுகள். காமாட்சியம்மன் கோயிலின் வெள்ளிக்கிழமைக் கூட்டம், வாடிகன் வரிசை. சின்ன காஞ்சிபுரத்தில் வரதர் சன்னதிக்கு ஏறும் படிகள், ரோமில் எல்லோரும் உட்கார்ந்து போட்டோ எடுக்கும் படிக்கட்டு. நாலு நாளும் ஆட்டோ ஏறக்கூடாது. முதுகில் பை, கையில் தண்ணீர் பாட்டில், புடவைக்குக் கீழே வெள்ளை ஷூ.

"இன்னா சார், ஜோடியா பாதயாத்திரையா? திருப்பதியா?" என்று கேட்டான் தெருமுனை இஸ்திரிக்காரன்.

"ரோமு!" என்றீர்கள், நிற்காமலே.

அந்த நாலு நாளை எப்படிச் சொல்வது? கைலாசநாதர் கோயிலில் மணல்கல் சிங்கங்களுக்கு நடுவில் என்னை நிறுத்தி, "டீச்சர், இப்ப நீ கைடு, நான் வெள்ளக்காரன். சொல்லு" என்றீர்கள். நான் அகஸ்டஸில் ஆரம்பித்து ஊர் எரிந்தது வரைக்கும் சொன்னேன். என் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளைகள்கூட அவ்வளவு வாய் பிளந்து கேட்டதில்லை. சர்வதீர்த்தக் குளத்தில் படித்துறையில் நிற்கவைத்து, "இதான் அந்த நீரூற்று. தண்ணிக்கு முதுகக் காட்டிக்கினு, திரும்பிப் பாக்காம காச போடு. போட்டா திரும்ப வருவமாம்" என்றீர்கள். நான் போட்டது ஒரு ஆமையின் முதுகில் பட்டது. நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். கரும்புச்சாறு வாங்கிக்கொடுத்து, என் டம்ளரில் மட்டும் ஐஸ் போடவேண்டாம் என்று கடைக்காரரிடம் சொன்னீர்கள். எனக்கு ஐஸ் ஆகாது என்று உங்களுக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

காமாட்சியம்மன் வரிசையில் கால் கடுத்துப் போனது. சுவர் ஓரமாகக் கொஞ்சம் உட்கார்ந்தேன். "ஏய், எழுந்திரு. வாடிகன்ல உக்காந்தா போலீஸ்காரன் வருவான்" என்றீர்கள். பக்கத்தில் நின்ற அம்மா, "பாவம்பா, முட்டிவலிக்காரங்க, உக்காரட்டும்" என்றாள். "நீங்க சும்மா இருங்கம்மா, இது டெஸ்டு" என்றீர்கள். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே எழுந்தேன். கடைசி நாள் காந்தி ரோடு முழுக்க நடந்து, பட்டுக்கடைக்காரர்கள் "வாங்க மேடம்" என்று கூப்பிடக் கூப்பிடக் கையாட்டிக்கொண்டு, சின்ன காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்தோம். வரதர் படியில் பாதி ஏறும்போது என் முழங்கால் பூட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. பின்னால் வந்தவர்கள் என்னை இடித்துக்கொண்டு ஏறினார்கள். நீங்கள் மேல் படியில் நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தீர்கள். பிடிக்க வரவில்லை. இரண்டு கல்லூரிப் பெண்கள்தான் என்னை இறக்கிவிட்டார்கள்.

கீழே மண்டபத்தில் கோயில் இட்லி வாங்கி வந்து, மந்தாரை இலையைப் பிரித்து என் மடியில் வைத்தீர்கள். "ஃபெயில்மா நீ" என்றீர்கள். "இதுக்கே இப்டின்னா அங்க இன்னா பண்ணுவ? உன்ன தூக்கிக்கினா சுத்த முடியும்?" மிளகும் சுக்கும் தொண்டையில் காரமாக இறங்கியது. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அந்தக் காரத்தைக் காரணம் சொன்னேன். பிறகு நானே சொன்னேன், என் வாயால் சொன்னேன்: "என்னால உங்க ட்ரிப் கெட வேணாம். நீங்க போய்ட்டு வாங்க."

"நீயே சொல்லிட்ட" என்றீர்கள். இலையில் மீதியிருந்த இட்லியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டீர்கள்.

தனியாகப் போகிறாரே, சர்க்கரைக்காரராயிற்றே என்று எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. பக்கத்து ஊர் ஓரிக்கைக்கு ஆள் அனுப்பி ஏகாம்பரத்தை வரவழைத்தேன். "தம்பி, என் எடத்துல நீங்க கூட போங்க. அவரத் தனியா விட மனசு வரல" என்று கெஞ்சினேன். ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய் தோற்றது. அந்த மனிதர் என் கையால் காபி வாங்கிக் குடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்து, "ஐயோ, உங்க எடத்துல நானா? மனசு கேக்கல அண்ணி. யோசிச்சுச் சொல்றேன்" என்றார். யோசித்தார். இரண்டாம் நாள் வந்து, உங்களுக்காகச் சம்மதிக்கிறேன் என்றார். நான் அவருக்கு நன்றி சொன்னேன். வழியில் சாப்பிடப் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கட்டிக்கொடுத்தேன்.

ரோமிலிருந்து தினமும் வீடியோவில் வந்தீர்கள். பின்னால் கொலோசியம், முன்னால் உங்கள் பல். "பாத்தியா உன் கொலோசியத்த? எவ்ளோ படி தெரியுமா? நீ வந்திருந்தா கீழயே உக்காந்து இட்லி வித்துக்கினு இருக்க வேண்டியதுதான்!" ஏகாம்பரம் பக்கத்தில் நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அங்கே ஒரு வளைவைக் காட்டி ஏதோ ஒரு ராஜா பெயரைச் சொன்னீர்கள். "அது கான்ஸ்டன்டைன் வளைவுங்க" என்றேன். "அங்க இருக்கறது நானா, நீயா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டீர்கள். நான் பாத்திரம் விளக்கப் போனேன்.

திரும்பி வந்து சில மாதங்களில், காய்கறி வாங்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தீர்கள். அழுதேன், சத்தியமாக அழுதேன். உங்கள் காரியமெல்லாம் முடிந்த பிறகு ஆபரேஷனும் செய்துகொண்டேன். இப்போது கம்பு இல்லாமல் நடக்கிறேன். போன மாசிப் பௌர்ணமியன்று வரதர் படி முழுக்க ஏறி இறங்கினேன், மூச்சுகூட வாங்கவில்லை.

இப்போது திதிக்கு வருகிறேன். பந்தி முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். ஏகாம்பரத்துக்குப் பாயசம் பிடித்துப்போய்விட்டது, உங்கள் பெருமை பேச ஆரம்பித்தார். "அண்ணன் மாதிரி பிளான் பண்ண ஆளே கெடையாது அண்ணி. ஆடி மாசம் டிக்கெட் வெல கொறஞ்சிச்சி. கூப்ட்டாரு, ஏகாம்பரம் பாஸ்போர்ட்ட எடுத்துக்கினு வாடான்னாரு. அன்னிக்கே ரெண்டு பேருக்கும் போட்டுட்டாரு. அந்த வெலைக்கு அப்புறம் கெடைக்கவே இல்ல!"

"எந்த ஆடி தம்பி?"

"நாங்க போனதுக்கு முந்துன ஆடிதான்."

ஆடிக்குப் பிறகு ஆவணி. ஆவணிக்குப் பிறகுதான் புரட்டாசி. வரலாறு நடத்தியவளுக்கு எது முன்னால் எது பின்னால் என்று சொல்லித்தர வேண்டுமா? "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்று கேட்டேன். அந்த மனிதர் டம்ளரை நீட்டினார்.

ஆக, டிக்கெட்டை முதலிலேயே போட்டுவிட்டு, அப்புறம் எனக்குப் பரீட்சை வைத்தீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீங்கள் ஒரு ஊரையே மறைத்திருக்கிறீர்கள். "நீ வேணாம், நான் என் சிநேகிதனோட போறேன்" என்று சொல்லியிருக்கலாமே? நான் என்ன, உங்களைக் கட்டியா போட்டிருப்பேன்? ஒருநாள் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருப்பேன், மறுநாள் புளிக்காய்ச்சல் கிளறியிருப்பேன். ஆனால் உங்களுக்கு அது போதவில்லை. நான் தோற்றுப்போய், நானே வேண்டாம் என்று சொல்லி, நானே உங்களுக்குத் துணை தேடி, நானே நன்றியும் சொல்லவேண்டும். கடைசி வரைக்கும் நீங்கள் நல்லவராகவே இருக்கவேண்டும். அந்த முழங்கால் உங்களுக்குத் தேவைப்பட்டது. அதனால்தான் கத்தி வைக்க விடவில்லை.

மகள் பெங்களூரிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். "அம்மா, இப்பத்தான் நல்லா நடக்கறியே, வா, ரோம் நாம ரெண்டு பேரும் போலாம், டிக்கெட் போடட்டுமா?" என்கிறாள். போடு என்று சொல்லிவிட்டேன். போய்ப் பார்க்கத்தான் போகிறேன், மத்தியானம் பன்னிரண்டிலிருந்து நாலு வரைக்கும்கூட நின்று பார்ப்பேன். ஆனால் உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும். நீங்கள் என்னை விட்டுவிட்டுப் போனதை என்னால் திட்டித் தீர்க்க முடிகிறது. டிக்கெட்டை மறைத்ததையும் திட்டிவிட்டேன். அந்த நாலு நாளைத்தான் ஒன்றும் செய்யமுடியவில்லை. என் பக்கத்திலேயே நடந்தீர்கள். நான் சொன்னதைக் கேட்டீர்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வேறெந்த நாலு நாளிலும் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அது எல்லாமே என்னைக் கழற்றிவிடுவதற்காகச் செய்தது என்று தெரிந்த பிறகும், இன்றைக்கும், நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது, பாவி மனுஷா.