மூச்சு விட்ட குற்றம்

மாங்கெரே, ஆக்லாந்து, நியூசிலாந்து
ஜூன் 9

என் செல்லம் சுலியா,

பதறாமல் படி. உன் தங்கை திரேசாவுக்குத் தொண்டை வலி வந்தது, பிறகு முட்டி வீங்கியது, இப்போது இதயத்தைத் தொட்டிருக்கிறதாம். வாதக் காய்ச்சல் என்கிறார்கள். இருபத்தெட்டு நாளுக்கு ஓர் ஊசி, பத்து வருடம். "பத்து வருஷமா? அதுக்குள்ள எனக்குக் கல்யாணமே ஆயிடும், டாக்டர்!" என்று எல்லாரையும் சிரிக்க வைத்தாள். இன்னொரு முறை வந்தால் இதய வால்வு போய்விடும் என்று அவர் என்னிடம் தனியாகச் சொன்னார். ஈர வீடு ஆகவே ஆகாதாம்.

வீட்டு ஏஜென்ட் வந்தான். சுவரில் படர்ந்திருக்கும் கறுப்புப் பூஞ்சையைப் பார்த்துவிட்டு, "ஒரே ரூம்ல ஆறு பேர் மூச்சு விடுறீங்க, ஈரம் வராம என்ன செய்யும்?" என்றான். இந்த ஜூன் குளிரில் இருப்பது ஒரே ஹீட்டர், அந்த அறையை விட்டால் வேறெங்கே படுப்பது? நீ பட்டம் வாங்கியவள். அவனுக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுது. 'தயவுசெய்து' மூன்று இடத்திலாவது வரட்டும்.

அம்மா

டனீடன்
ஜூன் 24

அன்புள்ள அம்மா,

நான்கு இடத்தில் போட்டேன். பதில் வந்துவிட்டது: ஜன்னலைத் திறந்து வையுங்கள், சட்டியை மூடிச் சமையுங்கள், கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள். கட்டிலாம்! நமக்கு ஏது கட்டில்? கூரை ஒழுகுவதைப் பற்றி ஒரு வரி இல்லை.

உங்களிடம் சொல்லாதது ஒன்று உண்டு. பள்ளித் தோழிகள் வருவதற்கு முன்னால் அந்தச் சுவரை பிளீச் போட்டுத் துடைப்பேன். சமோவாத் தீவிலிருந்து வந்த நாம்தான் அழுக்கானவர்கள் என்று நினைத்திருந்தேன். கல்லூரியில் மூன்று வருடம் வாய் திறக்காததும் அதனால்தானோ என்னவோ.

வாடகை வழக்கு மன்றத்துக்கு மனு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடுவீர்களா?

சுலியா

மாங்கெரே
ஜூலை 8

சுலியா,

போடமாட்டேன். "இந்த வீடும் போச்சுன்னா காருக்குள்ளயா படுக்கிறது?" என்கிறார் அப்பா. கோபம் இல்லை, பயம். எனக்கும்தான். இத்தோடு விட்டுவிடு.

அம்மா

மாங்கெரே
ஜூலை 21

என் செல்லம்,

ஏஜென்ட் நேற்று மறுபடி வந்தான். மெத்தைகளை எண்ணினான். ஊசி போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி வந்த திரேசாவிடம், "பாப்பா, பக்கத்து ரூம்ல தனியாப் படு, எல்லாம் சரியாயிடும்" என்றான்.

"அங்க மழை பெய்யுதே! குடை பிடிச்சுக்கிட்டா படுக்கிறது?" என்றாள் அவள்.

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து போய்ப் பேனா எடுத்து வந்தார். மனுவில் இப்போது இரண்டு கையெழுத்து இருக்கிறது.

விசாரணைக்கு நீ வா. பேசப் போவது நான், நம் சமோவா மொழியில். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போடும் வெள்ளை உடையும் தொப்பியுமாக வருவேன். ஜன்னல் திரையைக் கறுப்போடு அப்படியே மடித்து வைத்திருக்கிறேன். துவைக்காத துணியோடு நான் வெளியே கிளம்புவது இதுதான் முதல் முறை. அதை அவர்கள் மேஜையில் விரிப்பேன். நீ பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொன்னால் போதும்.

உன் குரல் நடுங்கினால் நடுங்கட்டும். ஆனால், நான் சொல்லாத 'தயவுசெய்து' ஒன்றைக்கூட நீயாகச் சேர்க்காதே.

அம்மா