செவலையைப் புதைக்காதவளுக்கு

அக்கா,

பக்கத்துத் தோட்டத்தில் கத்திரிக்கு மருந்தடிக்கிறார்கள். ஜன்னலைச் சாத்தியும் அந்த நெடி வந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. காலையில்தான் பொள்ளாச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் புலியைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். வருஷக்கணக்காக அதே பேச்சு, அதே கேள்வி. அலுத்துப்போய்ப் படுத்தவனை இந்த நெடி எழுப்பி உட்காரவைத்துவிட்டது. நீ போன பிறகு உனக்கு எழுதியதே இல்லை.

தொண்ணூறுகளில் நான் கோயமுத்தூரில் ஒரு பம்பு செட்டு கம்பெனியில் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உக்கடத்தில் பஸ் ஏறிவிடுவேன். ஆனைமலை அடிவாரத்தில், காட்டை ஒட்டி உன் தோட்டம். அங்கே சோறு, அங்கிருந்து காடு. எப்படியாவது ஒரு புலியைப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு பைத்தியம். ஓடைப் பள்ளத்து மணலில் கால்தடம் பார்ப்பேன், மரத்தில் நகம் கீறியதைப் பார்ப்பேன், புலியை மட்டும் பார்த்ததில்லை. திரும்பி வந்தால் மாட்டுக்குத் தீனி வைத்தபடியே கேட்பாய்: “என்ன கண்ணு, உன்ற புலி இன்னிக்கும் லீவா?”

சாப்பிடும்போதும் நான் சும்மா இருக்கமாட்டேன். புலிக்குப் பயந்துதான் மானும் பன்றியும் ஓரிடத்தில் நின்று மேயாமல் இருக்கின்றன, அதனால்தான் சின்னச் செடிகள் பிழைத்து மரமாகின்றன, மரம் இருந்தால்தான் மழைத்தண்ணீர் மண்ணில் இறங்கிக் கோடையிலும் பள்ளத்தில் ஓடும் என்று அளந்துகொண்டே இருப்பேன். நீ ரசத்தை ஊற்றிவிட்டு, “ஆறிப்போவுது, தின்னு” என்பாய். காதில் வாங்கினாயா என்றுகூடத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தபோது வீட்டில் யாருமில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டுப் போனேன். உன் செவலை மாடு செத்துக் கிடந்தது. கழுத்தில் கடி, பின்தொடையில் கொஞ்சம் தின்றிருந்தது. மச்சான் கையில் பூச்சிமருந்து பாட்டில். மாட்டின் மேல் ஊற்றிவிட்டால் மிச்சத்தைத் தின்ன வரும் புலி அதோடு முடிந்துவிடும். ஊரில் அதுதான் வழக்கம். அது வேண்டாமென்றால் பால் கொடுத்த மாட்டுக்கு மஞ்சள் பூசித் தோட்டத்தில் புதைத்து, மேலே ஒரு தென்னம்பிள்ளை வைப்பார்கள்.

நீ இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

“ஏனுங்க, அது என்ற மாடுங்க. என்ற அப்பன் ஊட்டுல இருந்து வந்தது. பாட்டில ஊட்டுக்குக் கொண்டுபோங்க.”

“அப்பப் பொதைக்கவாச்சும் உடு,” என்றார் மச்சான். “பால் குடுத்த மாட்டைக் காட்டுல போட்டுட்டாங்கன்னு ஊரே பேசும்.”

“பேசட்டுங்க. பொதைச்சா, பசியோட வர்றது அடுத்த மாட்டைப் புடிக்கும். மருந்து வெச்சா, அது செத்துப்போவும். அப்புறம் பன்னியும் மானும் காட்டைத் தின்னுபோட்டு நம்ம வெள்ளாமைக்கு வரும். காடு போயி பள்ளமும் வத்திப்போச்சுன்னா எதைக் குடிக்கிறதுங்க?”

எல்லாம் நான் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னதுதான். ஆனால் நீ அழுதுகொண்டே சொன்னாய். நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை அக்கா. எனக்கு அங்கே மாடு எதுவும் கிடக்கவில்லை.

“நீ போயி பாரஸ்ட் ஆபீசுக்குப் போன் பண்ணு கண்ணு,” என்று என்னை அனுப்பினாய். வேறு யாராவது வந்து மருந்தை ஊற்றிவிடுவார்களோ என்று, எட்ட இருந்த மேட்டுப் பாறையில் குடையோடு உட்கார்ந்துவிட்டாய். கோபமாகப் போன மச்சானும் பாதி வழியில் திரும்பி வந்து, உனக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

ஊருக்குள் இருந்த ஒரே எஸ்.டி.டி. பூத்தில் லைன் கிடைத்துப் பேசி, மச்சானுடைய மொபெட்டில் நான் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. நீங்கள் இருவரும் வரப்பில் வந்துகொண்டிருந்தீர்கள்.

“வந்துச்சு கண்ணு. கொஞ்ச நேரம் எங்களையே பாத்துது. அப்புறம் தின்ன ஆரம்பிச்சுது. திங்கட்டும்னு நாங்க சத்தமில்லாம எந்திரிச்சு வந்துட்டோம்.”

எனக்கு வயிறெரிந்தது. இத்தனை ஞாயிற்றுக்கிழமை அலைந்தவன் நான். “எப்படிக்கா இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“பசியா இருந்துச்சு,” என்றாய். கட்டுத்தரையில் செவலையின் கன்று கத்திக்கொண்டிருந்தது. அதற்குப் பால் புகட்டப் போய்விட்டாய்.

மச்சான் சொன்னபடியே ஊர் பேசியது. கல்யாண வீட்டில்கூட உன் காதுபடப் பேசினார்கள். நீ பந்தியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வந்தாய்.

எனக்கு இன்றுவரை புலி அகப்படவில்லை. முழங்காலும் போய்விட்டது. இன்று காலையில் ஒரு பெண்குழந்தை எழுந்து அந்தப் பழைய கேள்வியைக் கேட்டது: “சார், நீங்க புலியப் பாத்திருக்கீங்களா?” வழக்கமாக ஏதாவது சொல்லி மழுப்பிவிடுவேன். இன்று மழுப்பக்கூடத் தெம்பில்லை. “இல்லை கண்ணு. என் அக்கா பார்த்திருக்காங்க. அவங்க மாட்டை அது தின்னும்போது பார்த்தாங்க,” என்றேன்.

பின்வரிசையில் சலசலத்துக்கொண்டிருந்த ஒரு பையன் எட்டிப் பார்த்துக் கேட்டான்: “அப்புறம் அவங்க என்ன சார் பண்ணுனாங்க?”

“திங்கட்டும்னு எந்திரிச்சு வந்துட்டாங்க,” என்றேன்.